கணக்குக் கேட்ட மக்கள்: இராஜஸ்தான் தகவல் உரிமைப் போராட்டமும் இந்திய மக்களாட்சியும்

முன்னுரை

மக்களாட்சியில் மக்கள் ஆட்சியாளரோடு கொள்ளும் உறவு இருவகைப்படும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது ஒன்று. தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் இடைப்பட்ட காலத்தில் கணக்குக் கேட்பது மற்றொன்று. இந்திய அரசியல் வரலாற்றை எழுதியோர் முதல் உறவுக்கு அளித்த இடத்தை இரண்டாவதற்கு அளிக்கவில்லை. தேர்தல்கள், கட்சிகள், தலைவர்கள் குறித்த நூல்கள் மிகப் பல. ஆட்சியின் செலவுக் கணக்கைத் தம்முன் படித்துக் காட்டுமாறு கேட்டுத் தெருவில் அமர்ந்த கூலித் தொழிலாளர்களின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1990களில் இராஜஸ்தானின் நடுப்பகுதியில் நிகழ்ந்த அத்தகைய போராட்டத்தையும், அது தேர்தல் நேர்மையோடு கொண்ட தொடர்பையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. அப்போராட்டத்தின் பயனாகக் கிடைத்த சட்டத்தைவிட, அது கண்டெடுத்த 'கூடி வாசித்தல்' என்னும் முறையே அதன் முதன்மையான பங்களிப்பு என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

தேர்தல் வழக்கில் வெளிப்பட்ட உரிமை

அறியும் உரிமை என்னும் கருத்து இந்திய நீதிமன்றத்தில் அழுத்தமாக ஒலித்தது ஒரு தேர்தல் வழக்கின் வழியாகவே என்பது எண்ணத்தக்கது. 1971 ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ரேபரேலி தொகுதியில் இந்திரா காந்தியிடம் தோல்வியுற்ற ராஜ் நாராயண், அவ்வெற்றியை எதிர்த்து அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தலைமையமைச்சரின் பயணப் பாதுகாப்பிற்கான விதிகள் அடங்கிய 'நீலப் புத்தகம்' என்னும் ஆவணத்தை நீதிமன்றத்தின் முன் வைக்குமாறு அவர் கோரினார். அது கமுக்கமான ஆவணம் என்று அரசு மறுத்தது. இச்சிக்கல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1975 ஜனவரியில் வழங்கப்பெற்ற தீர்ப்பில் அரசின் மேல்முறையீடு ஏற்கப்பட்டது. ஆயினும் நீதிபதி கே.கே. மாத்யூ தம் தனித்த உரையில், பொது ஊழியர்கள் பொது நிலையில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்னும் கருத்தை வெளியிட்டார். அதே ஆண்டு ஜூன் 12 அன்று நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா, தேர்தல் பணிக்கு அரசு அலுவலரின் உதவியைப் பெற்றமை முதலிய காரணங்களால் அத்தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நேர்மையான தேர்தல், அறியும் உரிமை, ஆட்சியின் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே வழக்கில் பின்னிக் கிடந்தமையை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

எனினும், நீதிமன்றத்தில் மொழியப்பட்ட இக்கருத்து சிற்றூர்களைச் சென்று சேரவில்லை. 1923 ஆம் ஆண்டின் அலுவலகக் கமுக்கச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஊராட்சியின் செலவுச் சீட்டும்கூடக் கமுக்க ஆவணமாகவே கருதப்பட்டது. அறியும் உரிமை மக்களின் உடைமையாவதற்கு வேறொரு களம் வேண்டியிருந்தது.

கூலியும் வருகைப் பட்டியலும்

அக்களம் ஆரவல்லி மலைத்தொடரை ஒட்டிய வறட்சிப் பகுதியில் அமைந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் சாலை அமைத்தல், குளம் வெட்டுதல் முதலிய பஞ்ச நிவாரணப் பணிகளே அங்குள்ள ஏழை மக்களுக்குப் பிழைப்பாக இருந்தன. அப்பணிகளில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி வழங்கப்படுவதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று, இராஜஸ்தானின் பஞ்ச நிவாரணப் பணி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983 ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு வந்த பின்னரும் கூலி உயரவில்லை.

சென்னையில் 1946 ஆம் ஆண்டு பிறந்த அருணா ராய், 1968 இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து 1975 இல் அதிலிருந்து விலகியவர். திலோனியாவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1987 ஆம் ஆண்டில் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோருடன் தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். அப்பகுதி மக்களோடு இணைந்து 1990 மே முதல் நாளன்று 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்னும் உழைப்பாளர் உழவர் அமைப்பு பீம் என்னும் ஊரில் தொடங்கப்பெற்றது. முழுக் கூலி கேட்டு அவ்வூரில் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் உண்ணாநிலைப் போராட்டங்கள் நடைபெற்றன.

கூலிப் போராட்டத்தின் ஊடாகவே ஆவணத்தின் வலிமையை மக்கள் உணர்ந்தனர். குறைந்த கூலி ஏன் என்று கேட்டபோதெல்லாம், வேலையின் அளவு குறைவு என்று ஏட்டில் எழுதியிருப்பதாக விடை கிடைத்தது. அவ்வாறாயின் அந்த ஏட்டைக் காட்டுங்கள் என்று தொழிலாளர் கேட்டனர். 'மஸ்டர் ரோல்' எனப்படும் வருகைப் பட்டியலைக் காட்ட அலுவலர்கள் மறுத்தனர். தம் உழைப்பைத் தாம் காணாத ஓர் ஏடு அளக்கின்றது என்பதும், அந்த ஏடு வெளிவராதவரை தம் சொல் பொய்யாகவே கொள்ளப்படும் என்பதும் அவர்களுக்குப் புலப்பட்டன. கூலி கேட்ட போராட்டம் கணக்குக் கேட்ட போராட்டமாக மாறியது இவ்வாறுதான்.

ஏடு வாய்மொழியாதல்

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்னும் ஊரில் முதலாவது 'ஜன சுன்வாய்' நடைபெற்றது. மக்கள் கூடிக் கேட்டல் என்று இதனைத் தமிழில் கூறலாம். தொடர்ந்து பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய ஊர்களிலும் 1995 ஏப்ரல் வரையிலான சில மாதங்களுக்குள் இக்கூட்டங்கள் நடத்தப்பெற்றன.

இவற்றின் அமைப்புமுறை எளியது. ஊராட்சியின் பணிகள் தொடர்பான வருகைப் பட்டியல்கள், பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகள், பணி நிறைவுச் சான்றுகள் ஆகியவற்றின் படிகள் முதலில் திரட்டப்படும். தொடக்கத்தில் நல்லெண்ணம் கொண்ட அலுவலர் ஒருவரின் ஒத்துழைப்பாலேயே இவை கிடைத்தன. அமைப்பினர் அவற்றைக் கொண்டு வீடு வீடாகச் சென்று விவரங்களைச் சரிபார்ப்பர். பின்னர் ஒரு பந்தலின் கீழ் ஊர் கூடும். வழக்கறிஞர், இதழாளர், எழுத்தாளர் போன்ற வெளியார் சிலர் நடுவராக அமர்வர். ஊராட்சித் தலைவரும் அலுவலரும் அழைக்கப்படுவர். ஆவணம் உரக்கப் படிக்கப்படும். பெயர் படிக்கப்பட்டவர் எழுந்து, தாம் அந்நாள்களில் வேலை செய்ததும் செய்யாததும், கூலி பெற்றதும் பெறாததும் பற்றி ஊரறியக் கூறுவார்.

படிக்கப்பட்ட ஏடுகள் பல செய்திகளை வெளிக்கொணர்ந்தன. இறந்தவர்களும், பிழைப்புக்காக வெளியூர் சென்றவர்களும் வேலை செய்து கூலி பெற்றதாகப் பட்டியல்களில் இருந்தது. கோட் கிரானாவில், மேற்கூரையின்றிக் கண்ணெதிரே நின்ற கட்டடம் ஏட்டில் முடிக்கப்பட்ட கட்டடமாக இருந்தது. பீமில், பெயரளவில் மட்டுமே இருந்த ஒரு நிறுவனம் பொருள் வழங்கியதாகப் பணம் பெற்றிருந்தது. தனியொருவர் கூறியிருந்தால் இவை வெறும் குற்றச்சாட்டுகளாக நின்றிருக்கும். ஊர் முழுவதும் சான்றாக அமர்ந்திருந்தமையால் இவை மறுக்க இயலாத உண்மைகளாயின. பிற்காலக் கூட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள் சிலர் கையாடிய தொகையை ஊரார் முன்னிலையில் திருப்பிக் கொடுத்ததும் உண்டு.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உள்ளது. கூட்டத்திற்கு வந்தோரில் மிகப் பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள். எழுத்தறிவு இன்மையே அவர்களை ஏமாற்றுவதற்கு வாய்ப்பாக இருந்தது. ஜன சுன்வாய் அவர்களுக்கு எழுத்தைக் கற்பித்து அக்குறையைப் போக்கவில்லை. எழுத்தை அவர்களுடைய வாய்மொழி உலகத்திற்கு இழுத்து வந்தது. ஏடு ஒலி வடிவம் பெற்றவுடன், நினைவாற்றலில் வல்லவர்களான அம்மக்களே அதன் திறனாய்வாளர்களாயினர். எந்த நாளில் எத்தனை வண்டி மணல் இறங்கியது, கல் எந்த மலையிலிருந்து வந்தது என்பன அவர்களுக்கு நன்கு தெரிந்திருந்தன. வாய்மொழி மரபு ஆவண மரபைச் சோதித்த அரிய நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

பியாவரில் 40 நாட்கள்

ஆவணங்களைத் தருவதற்கு எதிர்ப்பு எழுந்தது. வெளியார் தம் ஏடுகளைத் தணிக்கை செய்வதை ஏற்கமாட்டோம் என்று கிராம அலுவலர்கள் போராட்டத்தில் இறங்கினர். இந்நிலையில் 1995 ஏப்ரல் 5 அன்று முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், ஊரக வளர்ச்சிப் பணிகள் தொடர்பான ஆவணங்களின் படிகளை மக்கள் பெறலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். செய்தி நாளிதழில் வந்தது, ஆணை வரவில்லை. ஓராண்டு காத்திருந்த மக்கள், 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரின் சாங் வாயில் அருகே தர்ணாவில் அமர்ந்தனர்.

அது நாடாளுமன்றத் தேர்தல் நடைபெற்ற காலம். வாக்குக் கேட்டு வந்த கட்சிகளின் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே, சென்ற வாக்குறுதி என்னாயிற்று என்னும் வினாவோடு ஒரு கூட்டம் தெருவில் அமர்ந்திருந்தது. சிற்றூர் மக்கள் முறைவைத்து வந்து அமர்ந்தனர். நகரத்துக் காய்கறி வணிகர்கள் காய்கறி கொடுத்தனர். தொழிற்சங்கங்கள் துணைநின்றன. குல்தீப் நய்யார், நிகில் சக்கரவர்த்தி, பிரபாஷ் ஜோஷி முதலிய இதழாளர்கள் நேரில் வந்தனர். பாடலும் பொம்மலாட்டமும் அங்கதக் கூத்தும் போராட்டத்தின் மொழியாயின. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்று பொருள்படும் 'ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்' என்னும் முழக்கம் பரவியது.

40 நாட்களின் முடிவில் அரசு ஒரு குழுவை அமைப்பதாக அறிவிக்கவே தர்ணா நிறைவுற்றது. அதுவும் பயன் தராமற்போக, 1997 இல் ஜெய்ப்பூரில் தலைமைச் செயலகத்தின் அருகே 53 நாட்கள் தர்ணா நடைபெற்றது. அதன் முடிவில், ஊராட்சி ஆவணங்களின் படிகளைப் பெறும் உரிமை ஆறு மாதங்களுக்கு முன்னரே விதியாக வெளியிடப்பட்டுவிட்டது என்று அரசு அறிவித்தது. அறியும் உரிமையை வழங்கும் ஆணையே மக்கள் அறியாவண்ணம் கோப்பில் கிடந்தது என்பது, அப்போராட்டத்தின் தேவையை வேறெந்த வாதத்தையும்விடத் தெளிவாக உணர்த்துகின்றது.

'கணக்கு' என்னும் சொல்

'ஹிசாப்' என்பதற்குத் தமிழில் 'கணக்கு' என்பதே நேரான சொல். தமிழில் இச்சொல்லின் பொருட்பரப்பு விரிந்தது. எழுத்துகளின் வரிசை நெடுங்கணக்கு எனப்படுகின்றது. நூல்தொகுதிகள் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு எனப் பெயர் பெற்றுள்ளன. எழுத்தறிவிப்பவர் கணக்காயர் எனப்பட்டார். வரவு செலவும் கணக்கே. எழுத்து, நூல், வரவுசெலவு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் குறித்த மொழிக்கு, கணக்குக் கேட்பதும் ஏடு படிப்பதும் ஒன்றே என்னும் இராஜஸ்தான் மக்களின் கண்டுபிடிப்பு அயலானதன்று.

கணக்குக் காட்டுதல் என்னும் அறம் தமிழ்க் கல்வெட்டிலும் இடம்பெற்றுள்ளது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விளக்குகையில், வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய குறிப்பிட்ட உறவினரும் குடத்தில் பெயர் இடப்பெறுவதற்குத் தகுதியற்றவர் என்று விதிக்கின்றன. கணக்குக் காட்டாதவர் தேர்தலில் நிற்கலாகாது என்னும் இவ்விதி, இன்றைய தேர்தல் விவாதங்களோடு ஒப்பிடத்தக்கது. ஆயினும் இதனைப் பழந்தமிழரின் மக்களாட்சி என்று பெருமைப்படுவதோடு நின்றுவிடுதல் ஆய்வுநெறி ஆகாது. அது பிராமண ஊரின் சபை. வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவரே அங்குத் தகுதி பெற்றனர். அந்நிலத்தில் உழைத்தவர் கணக்குக் கேட்டதாகக் கல்வெட்டுக் கூறவில்லை. உத்திரமேரூரில் தகுதியுடையோர் தம்முள் கணக்குப் பார்த்தனர். கோட் கிரானாவில் கூலிபெறுவோர் கணக்குக் கேட்டனர். மக்களாட்சி வரலாற்றின் தொலைவு இவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது.

தில்லியில் இதழாளர் கூட்டமொன்றில், நான்காம் வகுப்பு வரை மட்டுமே படித்த இவ்வமைப்பின் பெண் ஒருவரிடம், உங்களுக்கு ஏன் இந்த உரிமை என்று கேட்கப்பட்டது. பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன்; என் பெயரால் கோடிக்கணக்கில் செலவிடும் அரசிடம் கேட்கக்கூடாதா என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். நீதிபதி மாத்யூவின் கருத்து இல்லறத்தின் மொழியில் மறுபிறவி எடுத்தது என்றே இதனைக் கூறலாம்.

சட்டமும் வாக்குச்சீட்டும்

1996 இல் மக்கள் தகவல் உரிமைக்கான தேசிய இயக்கம் உருவாயிற்று. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான இந்தியப் பத்திரிகை மன்றம் ஒரு சட்ட வரைவை ஆயத்தம் செய்தது. மாநிலங்களுள் தமிழ்நாடு 1997 இல் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது; எனினும் அதன் விலக்குகள் மிகுதியாதலின் பயன் சுருங்கியது. இராஜஸ்தான் 2000 இல் சட்டம் இயற்றியது. நடுவண் அரசு 2002 இல் கொணர்ந்த தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கு வரவேயில்லை. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் சொற்களில் ஜன சுன்வாயின் தடம் காணப்படுகின்றது. ஆவணத்தின் படியைப் பெறுவது மட்டுமின்றி, பணியை நேரில் பார்வையிடுவதும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுப்பதும் உரிமை என்று அதன் 2ஆம் பிரிவு வரையறுக்கின்றது. மணலையும் சிமெண்டையும் ஏட்டோடு ஒப்புநோக்கிய ஊர்க்கூட்டத்தின் அனுபவத்தோடு இவ்வரையறை நெருங்கிப் பொருந்துகின்றது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் கிராம சபையின் சமூகத் தணிக்கைக்கு இடமளித்தது.

இதே காலத்தில் தேர்தல் களத்திலும் அறியும் உரிமை நுழைந்தது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பேராசிரியர்கள் சிலர் 1999 இல் தொடங்கிய மக்களாட்சிச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கில், வேட்பாளரின் குற்றப் பின்னணி, சொத்து, கல்வித் தகுதி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைக் குறைக்க நாடாளுமன்றம் கொணர்ந்த 33பி என்னும் சட்டப்பிரிவை 2003 மார்ச்சு 13 அன்று நீதிமன்றம் நீக்கியது. அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை அளிப்போரின் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018 இல் நடைமுறைக்கு வந்தது. வாக்காளரின் அறியும் உரிமைக்கு அது முரணானது என்று ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று ஒருமனதாக அதனைச் செல்லாததாக்கியது. 1975 இல் தேர்தல் வழக்கொன்றில் ஒலித்த கருத்து, அரை நூற்றாண்டு கழிந்து மீண்டும் தேர்தலின் வாயிலுக்கே வந்து நின்றமையை இங்குக் காணமுடிகின்றது.

தனித்த விண்ணப்பமும் கூடிய ஊரும்

சட்டம் வந்த பின்னர் நிகழ்ந்த மாற்றமும் ஆராயத்தக்கது. 2019 இல் செய்யப்பட்ட திருத்தம், ஐந்தாண்டு எனச் சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டிருந்த தகவல் ஆணையரின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் நடுவண் அரசின் முடிவுக்கு உட்படுத்தியது. 2023 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொதுநலன் கருதித் தனிநபர் தகவலை வெளியிடுவதற்கு இடமளித்த 8(1)(ஜே) பிரிவைச் சுருக்க வகைசெய்தது. வருகைப் பட்டியலில் இருப்பவை தனிமனிதரின் பெயர்களே. பெயரின்றி அப்பட்டியலைச் சரிபார்க்க வழியில்லை.

இவற்றினும் கொடியது விண்ணப்பித்தவர்கள் மீதான தாக்குதல். 2010 ஆம் ஆண்டில் மட்டும் புணேயை அடுத்த தளேகாவிலும், அகமதாபாத்தில் உயர் நீதிமன்றத்தின் அருகிலும், நிலம், சுரங்கம் தொடர்பான முறைகேடுகளை வெளிக்கொணர முயன்றவர்கள் கொல்லப்பட்டனர். இத்தகையோரின் நிலையைக் கோட் கிரானாவோடு ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ஜன சுன்வாயில் கேட்டது ஊர். கேட்டவர் யார் என்று தனித்துச் சுட்டுவது கடினம். சட்டம் அவ்வுரிமையைத் தனிமனிதரின் கையொப்பமிட்ட விண்ணப்பமாக்கியது. கேட்பவரின் பெயரும் முகவரியும் முதலில் பதிவாகின்றன. உரிமை பரந்தது, அதனைச் சூழ்ந்து நின்ற ஊர் விலகிற்று. சட்டத்தின் குறை என்று இதனைத் தள்ளிவிட இயலாது. சட்டம் உரிமையை எழுதலாம். கூட்டத்தை எழுத இயலாது. கூட்டம் மக்களால் மட்டுமே கூட்டப்படுவது.

முடிவுரை

இராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய போராட்டம், அரசின் ஏட்டை மக்கள் படிக்கத்தக்க நூலாக்கியது. மனு எழுதி இரக்கும் நிலையிலிருந்து கணக்குக் கேட்கும் நிலைக்குக் குடிமக்களை அது உயர்த்தியது. நேர்மையான தேர்தலுக்கும் பொறுப்புள்ள ஆட்சிக்கும் அடிப்படை ஒன்றே, அது மறைவின்மை என்பதை 1975 முதல் 2024 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளும் உறுதிசெய்கின்றன. எனினும் இவ்வுரிமையின் காவல் தீர்ப்பிலோ சட்டப்பிரிவிலோ மட்டும் இல்லை. வருகைப் பட்டியலில் ஒரு பெயர் படிக்கப்பட்டதும், அந்தப் பெயருக்குரியவர் எழுந்து, 'அன்று நான் அங்கு வேலை செய்யவில்லை' என்று ஊர் நடுவில் அச்சமின்றிச் சொல்லும் இடம் நிலைத்திருக்கும் வரையே கணக்கு என்னும் சொல்லுக்குப் பொருள் இருக்கும்.